பெரினாவின் கை

எங்கள் ஊர் பிலோவாவில் யாரும் யாரையும் லேசில் நம்பிவிட மாட்டோம். பாதிரியாரை நம்ப மாட்டோம். கூடப் பிறந்தவன் ஒலிவ எண்ணெய் அளந்து கொடுத்தால்கூட குடுவையைத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவோம். ரேடியோவில் வானிலை சொன்னால் சிரிப்போம். அப்பேர்ப்பட்ட ஊர் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய ஒரே பொருள் பெரினாவின் வலது கை. அந்தக் கைக்கு நாங்கள் செய்ததை நினைத்தால் எனக்கு இன்னும் பதறுகிறது.

பெரினா தீவுக்காரி இல்லை. எதிர்க்கரையில், மலைக்குப் பின்னால், கல்லும் ஆடும் குளிர்காற்றும் மட்டும் விளையும் ஊரில் பிறந்தவள். குஸ்மா அவளைக் கட்டிக்கொண்டு வந்த அன்று, கப்பலிலிருந்து இறங்கும் பலகையில் கண்ணை இறுக மூடிக்கொண்டு நடந்தாளாம். என் அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். இன்றுவரை பெரினா கணுக்காலுக்கு மேல் கடலில் நனைந்ததில்லை. ஊர் அவளுக்கு 'மலைக்காரி' என்று பெயர் வைத்தது. கடைக்கு வந்து உப்பு கேட்டால், "மலைக்காரிக்கு உப்பு குடுங்கப்பா, அவங்க ஊர்ல பாறையை நக்குவாங்க" என்பார்கள். அவள் உப்பை வாங்கிக்கொண்டு, எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுப் போவாள்.

குஸ்மாவுக்குப் படகு கிடையாது. துறைமுகத்தில் கப்பல் வரும்போது கயிற்றைக் கட்டுவதும் போகும்போது அவிழ்ப்பதும்தான் அவன் உத்தியோகம். பெரினா மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில் சேர்ந்தாள். தலையைக் கிள்ளி, குடலை எடுத்து, அளவு பார்த்து அடுக்க வேண்டும். அவள் எங்கோ பார்த்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவளோடு பேசிக்கொண்டே அடுக்குவாள். மீன் ஒரு நகம் குட்டையாக இருந்தாலும் விரல் அதைத் தள்ளிவிடும். பிறகு ஆலையை மூடினார்கள். குஸ்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை கால்பந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தான். எங்கள் அணி ஜெயித்ததைக்கூட அவன் பார்க்கவில்லை. மகள் நிவெஸ் மியூனிக் போய் அங்கேயே தங்கிவிட்டாள். பெரினா ஸ்லாதினாத் துறையில், என் வீட்டுக்கு அடுத்த வீட்டில், கீரைப்பாத்தியும் அத்திமரமுமாகத் தனியே இருந்தாள்.

இனி அந்தக் கை. வசந்தத்தில் நிலா இல்லாத இரவுகளில் மத்தி வரும். எந்தக் குடும்பம் எந்தத் துறையில் வலை போடுவது என்று எங்களுக்குள் வெட்டுக்குத்து நடக்காமல் இருக்க, குலுக்கல் வைப்பது வழக்கம். ஒவ்வொரு துறைக்கும் ஒரு வலைத்தக்கை, வலையை மிதக்க வைக்கிற கட்டை. அதில் கத்தியால் செதுக்கிய அடையாளம். எல்லாவற்றையும் ஒரு கூடையில் போட்டு, மேலே துணி மூடி, ஒருவர் கையை உள்ளே விட்டு ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒன்றாக எடுப்பார். தண்ணீரில் வலை உள்ளவன் கை கூடைக்குள் போகக் கூடாது. இது சட்டம். ஒரு காலத்தில் பாதிரியார்தான் எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் ஒரு வலையில் ரகசியமாகப் பங்கு இருந்தது தெரியவந்ததும், பூசை முடிந்த கையோடு கோயில் வாசலில் சட்டைகள் கிழிந்தன. அப்போது ஒரு கிழவர் கத்தினார்: "அந்த மலைக்காரியக் கூப்பிடுங்கடா! அவளுக்குப் படகும் இல்ல, வலையும் இல்ல, இங்க ரத்த சொந்தமும் இல்ல. இந்த ஊர்லயே ஒண்ணுமே இல்லாதவ அவதான்!"

கேலியாகச் சொன்னதுதான். ஆனால் பெரினா மீன்வாடை அடிக்கும் ஆலை ஏப்ரனோடு வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, தக்கைகளை எடுத்தாள். சண்டை வரவில்லை. அடுத்த ஆண்டும் அவளையே கூப்பிட்டார்கள். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. முதல் தக்கை யாருக்கு விழுகிறதோ அவன், முதல் வலைவீச்சில் கிடைத்த மீனில் ஒரு தட்டு அவள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பான். அந்த ஒரு தட்டு மீனில்தான் அவள் பிலோவாக்காரி ஆனாள். கடையில் யாரும் பாறை நக்கும் கதையைப் பிறகு எடுக்கவில்லை.

தக்கை சொன்னால் சொன்னதுதான், முணுமுணுப்பவனைப் பெண்கள்கூட மதிக்க மாட்டார்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு. இன்றைக்கு மோசமான துறை உனக்கு என்றால், நாளைக்கு நீ அடுத்த துறைக்கு நகர்வாய். உன் இடத்துக்கு இன்னொருத்தன் வருவான். இழப்பு யாரிடமும் ஓர் இரவுக்கு மேல் தங்காது. இதை எழுதும்போது எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது! அன்றைக்கு எங்கள் ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லையே.

கழிவுநீர் விவகாரம் இப்படித்தான் வந்தது. கோடையில் விருந்தினர் வந்து குவிகிறார்கள், ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் ஒரு குழி, ஆகஸ்டில் கிழக்கே காற்றடித்தால் சோறு இறங்காது. ஊருக்கு ஒரு சுத்திகரிப்பு நிலையம் கட்ட ஐரோப்பிய ஒன்றியம் பணம் தருகிறது. எந்த இடம் என்பதை மட்டும் ஊராட்சி தன் நிலத்திட்டத்தில் குறித்துக் காட்ட வேண்டும். எதிர்க்கரைப் பட்டணமான ஸ்பிளிட்டிலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். நான்கு துறைகளை அளந்தார். ஸ்லாதினா, யாசெனா, ப்ளித்கா, துகா, நான்குமே ஏற்றவை, நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு மதியக் கப்பலில் போய்விட்டார். ஏதோ ஒன்றை அவர் வாயால் சொல்லியிருந்தால் நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவரைத் திட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்போம்.

கூட்டுறவுச் சங்கக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். ஊராட்சித் தலைவர் ரோகோ நல்ல பையன்தான். ஆனால் இருபக்கமும் தலையாட்டுகிறவன். எங்கள் ஸ்லாதினாவில் வாடகை அறைகள் கட்டியிருக்கும் பாஷ்கோ முதலில் எழுந்தார்.

"என் ரூமுக்கு வர்ற ஜெர்மன்காரன் காலைல ஜன்னலத் திறந்தா கடலைப் பாப்பானா, உங்க எல்லாரோட வயித்தையும் பாப்பானா?"

"எங்க துகாவுல புனித நிக்கோலா கோயில் இருக்கு," என்றாள் தபால்காரர் மனைவி. "சாமி பக்கத்துல அதைக் கொண்டு வைப்பீங்களா?"

"சாமி மூக்கைப் பொத்திக்குவாரு. என் ஜெர்மன்காரன் பொத்திக்க மாட்டான்."

"உன் ஜெர்மன்காரன் போறதாலதானேய்யா அந்தக் குழி ரொம்புது!"

கூடம் இரண்டு பட்டது, நான்கு பட்டது. நாற்காலி விழுந்தது. ரோகோ கையெடுத்துக் கும்பிட்டான். அப்புறம் திடீரென்று அவன் முகம் மலர்ந்தது.

"சரி, ஒண்ணு பண்ணுவோம். பெரினா அத்தை எடுக்கட்டும். எந்தத் துறை வருதோ அதுக்கே மன்றத்துல எல்லாரும் ஓட்டுப் போடுவோம். சம்மதமா?"

எல்லோரும் கைதட்டினோம். சண்டைபோட்ட வாயெல்லாம் சிரித்தது. எத்தனை அழகான யோசனை என்று நானே பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன். பெரினாவின் வீடும் அந்த நான்கு துறைகளில் ஒன்றில்தான் இருக்கிறது என்பது எங்கள் ஒருவர் நினைவுக்கும் வரவில்லை. எங்கள் கணக்கில் அவள் ஒன்றும் இல்லாதவள். இத்தனை காலமும் அவளை அப்படித்தானே பழக்கி வைத்திருந்தோம்!

பெரினா முன்வரிசையில் இருந்தாள். "இது மீன் இல்லையேப்பா, ரோகோ," என்றாள் மெதுவாக.

"கைதானே அத்தை முக்கியம்? மீனா முக்கியம்?"

யாரோ ஓடிப்போய்க் கூடையைக் கொண்டுவந்தார்கள். நான்கு தக்கைகளை மட்டும் உள்ளே போட்டு, துணியை மூடி, ரோகோ நன்றாகக் குலுக்கினான். பெரினா கையை விட்டாள். வெளியே வந்த தக்கையில் பக்கவாட்டில் இரண்டு வெட்டு. யாசெனா.

கூடம் முழுவதும் மூச்சுவிட்டது. அந்தச் சத்தத்தை நான் என் காதால் கேட்டேன். இப்போதும் காதில் இருக்கிறது. யாசெனாவில் ஒரே ஒரு குடும்பம்தான் குடியிருக்கிறது. சரக்குக் கப்பலில் வேலை பார்த்துத் திரும்பிய யெர்கோவும் அவன் மனைவி ஓர்னெலாவும். தாத்தாவின் இடிந்த கல்வீட்டை இரண்டு பேரும் தங்கள் கையாலேயே எடுத்துக் கட்டியிருந்தார்கள். முன்முற்றத்தில் கல் பாவி, திராட்சைப் பந்தல் போட்டு, பாய்மரப் படகில் வருகிறவர்களுக்குச் சாப்பாட்டுக்கடை திறக்கப் போகிறோம் என்று ஓர்னெலா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அடுத்த கோடையில் திறப்பதாக இருந்தது. கழிவுக் குழாய் கடலில் இறங்கும் இடத்தில் யார் வந்து நங்கூரம் போடுவார்கள்?

யெர்கோ பின்வரிசையில் இருந்து எழுந்தான். "தக்கை சொன்னா சொன்னதுதான்," என்று சொல்லி, தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

ஓர்னெலா அவன் பின்னால் ஓடினாள். "என்ன சொல்லிட்டுப் போற? யெர்கோ! அது நம்ம வீடுய்யா! ஒரு ராத்திரி வலை போடுற இடமா அது?"

அந்தக் கூடத்தில் அத்தனை பேருக்கும் தெரிய வேண்டியதை அந்த ஒரு பெண் சொல்லிவிட்டுப் போனாள். நாங்கள் என்ன செய்தோம்? மது ஊற்றிக்கொண்டோம். ரோகோவின் முதுகில் தட்டினோம். "ஒரு சண்டை இல்லாம முடிச்சிட்டியேடா," என்றோம். ஓர்னெலா மறுநாளே தன் அம்மா வீட்டுக்குக் கப்பலேறிவிட்டாள்.

திட்டத்தின் வரைபடத்தை ஊராட்சி அலுவலகச் சுவரில் மாட்டினார்கள். யாசெனாவின் மேல் பழுப்பு நிறத்தில் ஒரு சதுரம். ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம், அதன்பின் ஒரு பொதுக்கூட்டம் நடக்கும், அதில்தான் திட்டம் முடிவாகும் என்றார்கள். யெர்கோ ஆட்சேபம் எதுவும் சொல்லவில்லை. தக்கைக்கு எதிராகப் பேசினான் என்ற பேர் அவனுக்கு வேண்டாம். ஆனால் அவன் ஒரு காரியம் செய்தான். அதைப் பார்த்த எனக்கே உடம்பெல்லாம் கூசிப்போனது.

நான் என் தோட்டத்தில் தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தேன். பெரினா வீட்டுப் படியில் யெர்கோ ஏறுவது மதில் மேல் தெரிந்தது. கையில் ஒரு தட்டு. அதன்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடியிருந்தான். அவன் திறந்து காட்டினான், சிவப்பு நவரை மீன்கள். நல்ல மீன், விருந்தாளிக்கு வைக்கிற மீன்.

"என்னப்பா இது?" என்றாள் பெரினா.

"முதல் தக்கை என்னோடது இல்லையா, அத்தை? வழக்கத்தை விடலாமா?"

குத்திக்காட்டச் சொன்னானா, நிஜமாகவே சொன்னானா என்று நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் முகத்தில் குத்தல் இல்லை. பெரினா இரண்டு கையாலும் தட்டை வாங்கினாள். அவன் போனதும் அதைப் படிமேல் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஸோர்கா, இங்க வாடி."

மண்கையோடு போனேன்.

"அன்னிக்குக் கை உள்ள போனதும் முதல்ல விரல்ல பட்டது வளையம்," என்றாள்.

"எந்த வளையம்க்கா?"

"தக்கைல செதுக்கின வளையம். நம்ம ஸ்லாதினா. அதைத்தான் நான் எடுத்திருக்கணும். விட்டுட்டேன். அடுத்ததை எடுத்தேன். அது எதுன்னும் தெரியும். ரெண்டு வெட்டு. தெரிஞ்சேதான் எடுத்தேன்."

கடல் இருந்தது, அத்திமரம் இருந்தது, இவள் உட்கார்ந்திருந்தாள், ஆனால் எல்லாமே தலைகீழாக இருந்தது. பாதிரியார் கள்ளத்தனம் செய்தபோது எங்களுக்குக் கோபம் வந்தது. இப்போது கோபம் வரவில்லை. காலுக்குக் கீழே நின்ற கல் நகர்ந்துபோன பயம்தான் வந்தது.

"அப்படின்னா இத்தனை வருஷமும் உனக்கு எந்தத் தக்கை எதுன்னு தெரியுமா?"

"ஆலையில வேலை செஞ்ச விரல்டி. தெரியாம எப்படி இருக்கும்? தெரிஞ்சாலும் முதல்ல பட்டதைத்தான் எடுப்பேன். ஒரு தடவைகூட மாத்தினதில்ல. குஸ்மா மேல சத்தியம். எனக்கு ஒண்ணும் வேண்டியதில்ல, அதனால அது சுலபமா இருந்துச்சு. இந்தத் தடவை நிவெஸ் போன் பண்ணியிருந்தா. அன்னிக்குக் காலைலதான். வீட்டோட வந்துடறேம்மா, மாடி ஜன்னலைப் பெருசாக்கணும், அளந்து சொல்லுன்னா. பிள்ளைங்க கடலைப் பார்க்கணுமாம்." அவள் தன் வலது கையை மடியில் திருப்பிப் பார்த்தாள். "எனக்கும் ஒண்ணு வேணும்னு வந்த அன்னிக்கே திருடிட்டேன் பாரு."

அவளுக்கு ஆறுதல் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு. "வாயை மூடிக்கிட்டு மீனை வறுத்துச் சாப்பிடு. இதை இனி யார்கிட்டயும் சொல்லாதே," என்றேன். என் வீடும் ஸ்லாதினாவில்தானே இருக்கிறது! அந்த மீனை அவள் வறுக்கவில்லை. பூனைகள் தின்றன.

பொதுக்கூட்டத்துக்கு ஊரே வந்தது. முடிந்துபோன சமாசாரம்தானே, அதனால் எல்லோரும் நல்ல உடுப்பில், சிரித்துக்கொண்டு வந்திருந்தோம். ரோகோ திட்டத்தைப் படித்து முடித்தான். "ஆட்சேபம் ஏதாவது?" என்று பேருக்குக் கேட்டான். பெரினா எழுந்தாள். கையில் கூடை இருந்தது.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வளையம், இரண்டு வெட்டு, நிவெஸின் போன், எதையும் விடவில்லை. "நான் ஏமாத்திட்டேன். வந்தது ஸ்லாதினா. மாத்தி எழுதுங்க," என்று முடித்தாள்.

யெர்கோ சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். பிறகு தபால்காரர் மனைவி கலகலவென்று சிரித்தாள்.

"அக்கா, ஊசில நூல் கோக்க நீ என் வீட்டுக்குத்தானே வர்ற? உன் விரல் மூட்டெல்லாம் வாதம். துணிக்கடியில தக்கையைத் தடவிக் கண்டுபிடிச்சியாக்கும்!"

"வயசானா இப்படித்தான்," என்றார் பாஷ்கோ. "எங்க அம்மாவும் கடைசிக் காலத்துல தான்தான் அதிபர் டிட்டோவுக்குக் கோட்டு தைச்சேன்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பெரினா சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். பிறகு கூடையை மேசைமேல் வைத்தாள். "ரோகோ, நீயே குலுக்கு."

அவன் குலுக்கினான். வேறென்ன செய்வான்? அவள் தலைத்துணியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு கையை உள்ளே விட்டாள். "சிலுவை, துகா," என்றாள். எடுத்துக் காட்டினாள். சிலுவை. "மீன், ப்ளித்கா." மீன். "ரெண்டு வெட்டு." இரண்டு வெட்டு. எல்லாவற்றையும் திரும்பப் போட்டு, "மறுபடி குலுக்கு," என்றாள். மறுபடியும் ஒவ்வொன்றையும் வெளியே வருவதற்கு முன்பே பெயர் சொன்னாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நான் பயந்தேன். ஆம், பயந்தேன்.

ரோகோ தொண்டையைச் செருமினான். "தெரியும்ங்கறது வேற, அத்தை. செஞ்சீங்கங்கறது வேற. அதுக்கு யாரு சாட்சி?"

"நான்தான்டா சாட்சி! நானே சொல்றேனே!"

"தனக்கு எதிரா தானே சொன்னா அது சாட்சி ஆகாது," என்றார் பாஷ்கோ. எந்தச் சட்டத்தில் படித்தாரோ, கடவுளுக்கே வெளிச்சம்.

"அப்ப ஸ்லாதினான்னு எழுதிக்கோங்க. சாட்சி எதுக்கு? என் வீட்டுப் பக்கத்துலயே கட்டுங்க."

பாஷ்கோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "உன் வீட்டை வேணா குடு. என் ரூமையெல்லாம் சேர்த்துக் குடுக்க நீ யாரு? மலைக்காரி!"

அந்தச் சொல்லை நான் எத்தனையோ காலமாகக் கேட்டதில்லை. செத்துப்போய்விட்டது என்று நினைத்திருந்தேன். அவர் வாய்க்குள்ளேயே இத்தனை நாளும் பத்திரமாக இருந்திருக்கிறது. பெரினா கன்னத்தில் அறை வாங்கியவளாய் நின்றாள். எழுந்து ஒரு வார்த்தை கேட்க அந்தக் கூடத்தில் ஆளில்லை.

"அப்படின்னா மறுபடி குலுக்கிட வேண்டியதுதான்," என்றான் ரோகோ, யாரையும் பார்க்காமல். "வேற யாராவது எடுக்கட்டும்."

அப்போதுதான் கூடத்துக்கு உயிர் வந்தது. துகாக்காரர்கள் கூடாது என்றார்கள். ப்ளித்காக்காரர்கள் கூடவே கூடாது என்றார்கள். தப்பித்தவன் எவன் மறுபடி கூடைக்குள் விழ ஆசைப்படுவான்? காலையில் தேவாலயத்தில் சண்டைபோட்டுக்கொண்ட இரண்டு குடும்பங்கள் ஒரே குரலில் கத்தின. யார் முதலில் சொன்னது என்று தெரியவில்லை, ஆனால் சொன்னார்கள்: "பெரினா மேல பழி போடறதா? அவ கை சுத்தம்! எங்களுக்குத் தெரியும்!"

"அவளே போட்டாலும் ஒத்துக்க மாட்டோம்!"

ரோகோ அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். "சரி. பெரினா அத்தையோட கை சுத்தம்னு நம்பறவங்க கை தூக்குங்க."

கைகள் உயர்ந்தன. பாஷ்கோவின் கை முதலில். கிழவர்கள், பெண்கள், அவளோடு ஆலையில் மீன் அடுக்கியவர்கள், எல்லோரும். என் கையும் மேலேதான் இருந்தது.

பெரினா ஒவ்வொரு கையாகப் பார்த்தாள். "இறக்குங்க," என்றாள். யாரும் இறக்கவில்லை. "கையை இறக்குங்கடா! நான் திருடிடா! காது கேக்கலியா உங்களுக்கு?"

யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். கூடம் முழுக்கக் கைதட்டியது. அவளைப் பாராட்டினார்கள்! ரோகோ மேடையிலிருந்து இறங்கி வந்து, கண்ணில் நீரோடு, அவளுடைய வலது கையை எடுத்து முத்தமிட்டான். அந்த நீர் நிஜமான நீர் என்பதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. பிறகு மன்றம் ஓட்டுப்போட்டது. யாசெனா ஏகமனதாக முடிவானது.

சுவரோரம் நின்ற யெர்கோ மட்டும் கடைசிவரை கையைத் தூக்கவில்லை. எப்போது வெளியே போனான் என்றும் தெரியவில்லை.

நான் பெரினாவின் கூடையைச் சுமந்துகொண்டு அவளுக்குப் பின்னால் நடந்தேன். துறைக்கு இறங்கும் பாதை முக்கில் அவன் காத்துக்கொண்டிருந்தான். அவனைக் கண்டதும் அவள் நின்றுவிட்டாள்.

"நீங்க சொன்னது உண்மைன்னு எனக்குத் தெரியும், அத்தை," என்றான்.

"எப்படிப்பா தெரியும்?"

"மீன் கொண்டாந்து குடுத்தேனே, அப்ப நீங்க என் முகத்தையே பார்க்கல. எத்தனையோ தடவை எங்கப்பா கையால மீன் வாங்கியிருக்கீங்க. அப்படி வாங்கினதே இல்ல."

"அப்ப இந்த ஊர்ல என்னை நம்பறவன் நீ ஒருத்தன்தானா?"

"ஆமா அத்தை. மத்தவங்க எல்லாம் உங்களை நல்லவங்கன்னு சொல்லிட்டாங்களே."

"நீ என்னை மன்னிப்பியாப்பா?"

அவன் கடல் பக்கம் திரும்பினான். பொய் சொல்லத் தெரிந்த பையனாக இருந்தால் சொல்லியிருப்பான். அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

"இல்ல அத்தை. முடியல."

நான் பதறிப்போய் அவளைத் தாங்கப் போனேன். ஆனால் அவள் விழவில்லை. அந்தக் கூடத்துக்குள் நுழைந்ததிலிருந்து அப்போதுதான் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்ப்பா," என்றாள். "நீயாவது மன்னிக்காதே."